ஒரு நாடு தடுப்பூசி இலக்கை எட்டுகிறதா? எண்களை நீங்களே சரிபார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு தொண்டு அமைப்பின் ஆண்டறிக்கைக்காக இந்த வேலையில் முதன்முதலாக இறங்கினேன். "ஒரே ஆண்டில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் ஆறு புள்ளி சரிந்துவிட்டது" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி எழுதினேன். அச்சும் ஆகிவிட்டது. மறுவாரம் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ரெண்டு எண்ணும் ஒரே வெளியீட்டுல இருந்து எடுத்ததா?" இல்லை. ஓர் எண் பழைய கோப்பில் இருந்தது, மற்றது புதிய கோப்பில். ஆறு புள்ளியில் ஐந்து, கணக்கு திருத்தப்பட்டதால் வந்தது. உண்மையான சரிவு ஒன்றுதான்.

அதன் பிறகு இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நீங்கள் இரண்டு நாளில் முடிக்கலாம். மாணவர், பத்திரிகையாளர், தன்னார்வலர் என யாராக இருந்தாலும், எந்த நாட்டைப் பற்றிப் பார்த்தாலும் படிகள் இவைதான்.

1. இலக்கின் முழு வாசகத்தை எடுத்து வையுங்கள்

"90 சதவீத இலக்கு" என்று யாராவது சொன்னால் அதில் நான்கு விஷயம் தொக்கி நிற்கிறது: எந்தத் தடுப்பூசியின் எத்தனையாவது டோஸ், எந்த வயதுக் குழந்தைகள், எந்த ஆண்டுக்குள், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு. இந்த நான்கும் தெரியாமல் எண்ணைத் தேடப் போகாதீர்கள்.

இப்போது நடப்பில் இருக்கும் உலகளாவிய திட்டம் 'நோய்த்தடுப்பு நிகழ்ச்சிநிரல் 2030'. அதன் முக்கிய இலக்குகள் இவை. டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி) மூன்றாவது டோஸ், தட்டம்மை இரண்டாவது டோஸ், நிமோகோக்கல் (நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் ஊசி) மூன்றாவது டோஸ், எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி) முழு டோஸ் ஆகிய நான்கிலும் 90%. ஒரு டோஸ்கூடப் பெறாத 'ஜீரோ டோஸ்' குழந்தைகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டு இருந்ததில் பாதியாகக் குறைப்பது. எல்லாவற்றுக்கும் கெடு 2030.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு இரண்டு எண்கள் உண்டு. தட்டம்மைப் பரவலை நிறுத்த இரண்டு டோஸுக்கும் 95% வேண்டும் என்பது ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒழிப்புக்கு 15 வயதுக்குள் 90% சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. தட்டம்மையில் 91% எட்டிய நாடு நிகழ்ச்சிநிரலின்படி தேறிவிடும், ஆனால் கொள்ளைநோயைத் தடுக்கும் அளவை எட்டியிருக்காது. இரண்டும் சரிதான். எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

நீங்கள் பார்க்கும் நாட்டுக்கென்று தனியாகத் தேசிய நோய்த்தடுப்புத் திட்ட ஆவணம் இருக்கும். சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். அதிலுள்ள இலக்கு உலக இலக்கைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

2. கோப்புகளைச் சேகரியுங்கள்

முதலில் பணம். ஒரு பைசா செலவில்லை. எல்லாமே இலவசமாகத் தரவிறக்கக்கூடியவை. "தடுப்பூசித் தரவுத் தொகுப்பு" என்று கட்டணம் கேட்டு வரும் தளங்களில் கிடைப்பது இதே எண்கள்தான். வேறு அட்டவணையில் போட்டு விற்கிறார்கள்.

வேண்டியவை:

- உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிடும் தேசியக் கவரேஜ் மதிப்பீடு. கவரேஜ் என்றால் ஊசி பெற வேண்டிய குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்பது. 'வியூனிக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எக்செல் கோப்பாகக் கிடைக்கும்.
- அதே வெளியீட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்கும் தனிப் பிடிஎஃப். பெரும்பாலானவர்கள் இதைத் திறப்பதே இல்லை. உண்மையில் பொக்கிஷம் இதுதான்.
- அந்த நாட்டில் கடைசியாக நடந்த வீட்டு சர்வேயின் அறிக்கை. மக்கள்தொகை சுகாதார சர்வே, யுனிசெஃப்பின் பல்குறியீட்டு சர்வே இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும்.
- ஐநா மக்கள்தொகைக் கணிப்பில் இருந்து பிறப்பு எண்ணிக்கையும் சிசு இறப்பு வீதமும்.
- அந்த நாட்டின் தடுப்பூசி அட்டவணை. எந்த ஊசி எந்த வயதில் என்ற தகவல். உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத் தளத்திலேயே இருக்கிறது.
- தட்டம்மை நோயாளிகளின் மாதவாரி எண்ணிக்கை. அதே நிறுவனம் தற்காலிக எண்களாக வெளியிடுகிறது.

சர்வேயின் அச்சிட்ட அறிக்கைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. வீடு வாரியான மூலத் தரவு வேண்டுமென்றால் மட்டும் பெயர் பதிந்து, என்ன ஆய்வு என்று ஒரு பத்தி எழுதி அனுமதி வாங்க வேண்டும். தொடக்கத்தில் உங்களுக்கு அது வேண்டாம். அறிக்கையின் 'குழந்தை நலம்' அத்தியாயத்தில் உள்ள அட்டவணைகளே போதும். நான் முதலில் மூலத் தரவுக்கு விண்ணப்பித்து, கிடைத்ததும் அதைத் திறக்கத் தெரியாமல் ஒரு வாரம் விழித்தேன்.

தரவிறக்கிய ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் வெளியான மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். அற்ப வேலைதான். என் மானம் போனது இதைச் செய்யாததால்தான்.

3. நான்கு வகை எண்களைக் கலக்காதீர்கள்

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே ஊசி. ஆனாலும் தரவுத் தளத்தில் நான்கு வெவ்வேறு சதவீதம் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

*நிர்வாகக் கவரேஜ்*: சுகாதார நிலையங்கள் போட்ட டோஸ்களைக் கூட்டி, இலக்குக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. சீக்கிரம் கிடைக்கும், மாவட்ட அளவிலும் கிடைக்கும். ஆனால் 104%, 112% என்றெல்லாம் வரும்.

*அதிகாரபூர்வ மதிப்பீடு*: "எங்கள் கணிப்பில் உண்மை இதுதான்" என்று அந்த நாட்டு அரசு ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பது. சில நாடுகளில் இது நிர்வாக எண்ணின் நகலாகவே இருக்கும்.

*சர்வே*: வீடு வீடாகப் போய், தடுப்பூசி அட்டையைப் பார்த்து, அட்டை இல்லாவிட்டால் தாயிடம் கேட்டு எடுத்தது.

*வியூனிக்*: மேலே சொன்ன மூன்றையும் வைத்து, விதிகளின்படி ஒரு குழு தீர்மானிக்கும் எண். இது 99%-க்கு மேல் போகாது.

நாடுகளுக்கு இடையிலோ ஆண்டுகளுக்கு இடையிலோ ஒப்பிடுவதற்கு வியூனிக்கைப் பயன்படுத்துங்கள். ஒரு மாவட்டம் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க நிர்வாக எண். நிர்வாக எண்ணை நம்பலாமா என்று சோதிக்க சர்வே. ஒரே வரைபடத்தில் இவற்றை இணைத்துக் கோடு இழுத்தால் கதை முடிந்தது.

இங்கே இருக்கும் பொறிகள் ஒவ்வொன்றாக:

வியூனிக் ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிய ஆண்டைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. 1980 வரை பின்னோக்கி முழு வரிசையையும் திருத்தும். புதிதாக ஒரு சர்வே வந்தால் ஐந்து வருடத்துப் பழைய எண்ணும் மாறும். ஆகவே போன வருட அறிக்கையில் நீங்களே எழுதிய எண்ணைக்கூட நம்பாதீர்கள். ஒப்பீட்டின் இரண்டு முனையும் ஒரே கோப்பில் இருந்து வர வேண்டும்.

சர்வே ஆண்டும் குழந்தைகள் பிறந்த ஆண்டும் வேறு. வழக்கமாக 12 முதல் 23 மாதக் குழந்தைகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 2021-இல் நடந்த சர்வே 2019, 2020-இல் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. அதை 2021-ஆம் ஆண்டுக் கவரேஜ் என்று எழுதினால் ஒரு வருடம் தள்ளிப் போய்விடும்.

சர்வே அறிக்கைகளில் கண்ணில் முதலில் படுவது "அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்றவர்கள்" என்ற எண். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), மூன்று டிபிடி, மூன்று போலியோ, ஒரு தட்டம்மை எல்லாம் சேர்ந்தது அது. டிபிடி மூன்றாவது டோஸைவிட அது எப்போதும் குறைவாகவோ, மிஞ்சிப்போனால் சமமாகவோதான் இருக்கும். அதை வியூனிக்கின் டிபிடி எண்ணோடு ஒப்பிட்டு "அரசு பொய் சொல்கிறது" என்று எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

சிறப்பு முகாம்களில் போட்ட டோஸ்கள் வழக்கமான கவரேஜில் சேராது. முகாமில் 98% என்று செய்தி வந்திருக்கும், வியூனிக்கில் 70% இருக்கும். முரண்பாடு இல்லை.

அப்புறம் அந்தப் பிடிஎஃப். ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்று அதில் வாக்கியமாகவே எழுதியிருப்பார்கள்: நாடு சொன்ன எண் ஏற்கப்பட்டதா, சர்வேயைப் பார்த்துத் திருத்தப்பட்டதா, ஊசி மருந்து தட்டுப்பாடு இருந்ததா என்று. கூடவே அந்த எண்ணின் நம்பகத்தன்மையைக் காட்டும் புள்ளிக் குறியும் (●) இருக்கும். மூன்று புள்ளி என்றால் நாட்டின் அறிக்கை, சர்வே, மக்கள்தொகை எண் மூன்றும் அதற்கு ஆதரவாக இருக்கின்றன. ஒற்றைப் புள்ளி உள்ள எண்ணை வைத்து "2 சதவீதம் முன்னேற்றம்" என்று கொண்டாடாதீர்கள்.

4. பின்னத்தின் கீழ் எண்ணைச் சோதியுங்கள்

கவரேஜ் ஒரு பின்னம். மேலே இருப்பது போட்ட ஊசி. எல்லோரும் அதையே பார்ப்பார்கள். பிரச்சினை பெரும்பாலும் கீழே இருக்கிறது.

பிறந்தவுடன் போடும் பிசிஜிக்குக் கீழ் எண், உயிரோடு பிறந்த குழந்தைகள் அனைவரும். டிபிடிக்கு, ஒரு வயது வரை பிழைத்திருக்கும் குழந்தைகள், அதாவது பிறப்பில் இருந்து சிசு இறப்பைக் கழித்தது. தட்டம்மை இரண்டாவது டோஸுக்கு அந்த நாட்டு அட்டவணை சொல்லும் வயதுக் குழந்தைகள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நீட்டி நீட்டிக் கணித்த நாடுகளில் இந்த எண் உண்மையைவிடக் குறைந்து, கவரேஜ் நூறைத் தாண்டும். பிறப்பு வீதம் வேகமாகக் குறைந்துவரும் நாட்டில் நேர்மாறாக, பழைய பெரிய எண்ணால் வகுத்துக் கவரேஜ் சரிந்ததுபோலத் தெரியும்.

சோதனை சுலபம். அரசு சொல்லும் இலக்குக் குழந்தைகளின் எண்ணிக்கையை ஐநா கணிப்போடு பக்கத்தில் வையுங்கள். ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். ஏதாவது ஓர் ஆண்டில் திடீரென்று பத்து சதவீதம் குதித்தால், அந்த ஆண்டில் தடுப்பூசித் திட்டத்தில் எதுவும் நடக்காமலேயே கவரேஜ் மாறியிருக்கும்.

கோவிட் காலத்தில் எல்லோரும் இதைப் பார்த்தோம். உலக சுகாதார நிறுவனம் 2022 நடுப்பகுதிக்குள் 70% என்று இலக்கு வைத்தது மொத்த மக்கள்தொகையில். பல இடங்களில் பெருமையாகச் சொல்லப்பட்டதோ பெரியவர்களில் இத்தனை சதவீதம் என்று.

5. 2030 வரை கோடு போடுங்கள்

"கவரேஜ் கூடியிருக்கிறது" என்பது முன்னேற்றமா என்று தெரிய, எவ்வளவு கூடியிருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். உலக எண்ணை வைத்தே செய்து காட்டுகிறேன். எல்லாம் 2025 ஜூலை வெளியீட்டில் இருந்து எடுத்தவை.

ஜீரோ டோஸ் குழந்தைகள் 2019-இல் 1 கோடியே 29 லட்சம். பாதி என்றால் 64.5 லட்சம். 11 ஆண்டில் அதை எட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 5.9 லட்சம் குறைய வேண்டும். அந்தக் கோட்டின்படி 2024-இல் சுமார் 1 கோடிக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 1 கோடியே 43 லட்சம். தொடங்கிய இடத்தைவிட அதிகம். மீதி ஆறு ஆண்டில் இலக்கை எட்ட வேண்டுமென்றால் இனி ஆண்டுக்கு 13 லட்சம் குறைய வேண்டும்.

இதையே உங்கள் நாட்டுக்குச் செய்யுங்கள். எக்செல்லில் நான்கு நெடுவரிசை போதும்: ஆண்டு, உண்மை எண், கோட்டின்படி இருக்க வேண்டிய எண், வித்தியாசம். கோப்பில் ஆண்டுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஆண்டை முதலில் வைத்த கோப்பை அப்படியே வரைந்து, அருமையான முன்னேற்றம் என்று நான் ஒரு மணி நேரம் மகிழ்ந்திருக்கிறேன்.

ஜீரோ டோஸை நேரடியாக யாரும் எண்ணுவதில்லை. டிபிடி முதல் டோஸ் பெறாத குழந்தை என்பதே அதன் வரையறை. நூறில் இருந்து அந்த டோஸின் கவரேஜைக் கழித்து, பிழைத்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கவரேஜ் முழு எண்ணாகத்தான் தரப்படும் என்பதால் பெரிய நாடுகளில் கவனம் தேவை. உலக அளவில் ஒரே ஒரு புள்ளி என்பது சுமார் 13 லட்சம் குழந்தைகள்.

சதவீதம், எண்ணிக்கை இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பிறப்பு கூடிவரும் நாட்டில் கவரேஜ் அசையாமல் இருந்தாலும் விடுபட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போவார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் "நிலையாக இருக்கிறது" என்று தோன்றும்.

6. இடைநிற்றலைக் கணக்கிடுங்கள்

முதல் டோஸில் இருந்து மூன்றாவதைக் கழித்து, முதல் டோஸால் வகுங்கள். 2024-இல் உலக அளவில் டிபிடி முதல் டோஸ் 89%, மூன்றாவது 85%. இடைநிற்றல் நான்கரை சதவீதம். 10-ஐத் தாண்டினால் கோளாறு என்பது களத்தில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பொது அளவுகோல்.

கோளாறு எங்கே என்பதை இந்த ஒரு கணக்கு பிரித்துச் சொல்லிவிடும். முதல் டோஸே குறைவு என்றால் குழந்தைகள் சுகாதார அமைப்பின் கண்ணிலேயே படவில்லை. தொலைவு, மோதல், பதிவில்லாத குடியிருப்புகள். முதல் டோஸ் நன்றாக இருந்து மூன்றாவது விழுந்தால், வந்தவர்கள் திரும்பி வரவில்லை. மருந்து இருப்பு, காத்திருப்பு நேரம், அடுத்த தேதியைச் சொல்லாத ஊழியர் என்று அங்கே தேட வேண்டும். எதிர்மறையாக வந்தால், அதாவது மூன்றாவது டோஸ் முதலைவிட அதிகமென்றால், அது தரவுப் பிழை. அந்த மாவட்டத்தை ஒதுக்கி வையுங்கள்.

7. எச்பிவிக்குத் தனித் தாள் ஒதுக்குங்கள்

மற்ற ஊசிகளின் பழக்கத்தோடு இதற்குள் நுழைந்தால் கண்டிப்பாகத் தவறு வரும். கோப்பில் இரண்டு வகை எண் இருக்கும். ஒன்று, அந்த ஆண்டில் திட்டம் குறிவைத்த வயதுச் சிறுமிகளில் எத்தனை பேர் பெற்றார்கள் என்பது. மற்றது, 15 வயதை எட்டியவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே பெற்றிருக்கிறார்கள் என்பது. 2030 இலக்கு இரண்டாவதைப் பற்றியது. ஒன்பது வயதில் போடத் தொடங்கிய நாட்டில் முதல் எண் உடனே ஏறும், இரண்டாவது ஆறு வருடம் கழித்துத்தான் ஏறும்.

இன்னொன்று. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை டோஸையும் மாற்று அட்டவணையாக ஏற்றது. 'முழு டோஸ்' என்பது அந்தந்த நாட்டு அட்டவணையைப் பொறுத்தது. ஆகவே இரண்டில் இருந்து ஒன்றுக்கு மாறிய நாட்டில் முழு டோஸ் கவரேஜ் தாளிலேயே துள்ளும். அட்டவணை எப்போது மாறியது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உலகச் சராசரியிலும் ஒரு சங்கதி உண்டு. தடுப்பூசியை இன்னும் அறிமுகப்படுத்தாத நாடுகள் பூஜ்யமாகக் கணக்கில் சேர்கின்றன. ஒரு பெரிய நாடு தொடங்கினாலே சராசரி ஏறும். மற்ற நாடுகளில் எதுவும் மாறியிருக்காது.

8. நோயோடு ஒத்துப் பாருங்கள்

எண்ணை நம்பலாமா என்று கேட்க ஆளில்லாதபோது தட்டம்மையைக் கேளுங்கள். அவ்வளவு வேகமாகப் பரவும் நோய் வேறில்லை. விடுபட்ட குழந்தைகள் எங்கே குவிந்திருக்கிறார்களோ அங்கே போய் நிற்கும். பத்து வருடமாக 97% என்று சொல்லும் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட, ஊசி போடாத குழந்தைகளிடையே பெரிய பரவல் வந்தால், 97 பொய்யாக இருக்கலாம், அல்லது தேசியச் சராசரிக்கு அடியில் சில மாவட்டங்கள் ஒளிந்திருக்கலாம். நோயாளிகளின் வயது, தடுப்பூசி நிலை இரண்டையும் பார்க்காமல் எது என்று முடிவு கட்டாதீர்கள். வளர்ந்தவர்களிடையே வந்த பரவல் இருபது வருடத்துக்கு முந்தைய ஓட்டையைக் காட்டுகிறது, இன்றைய திட்டத்தை அல்ல.

நோயாளிகளே இல்லை என்றாலும் உடனே நிம்மதி வேண்டாம். தேடினார்களா என்று பாருங்கள். தட்டம்மை என்று சந்தேகித்துப் பரிசோதித்து, 'இது இல்லை' என்று கழித்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு இரண்டு பேராவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கண்காணிப்பே சரியில்லை.

9. தேதிகளைக் குறித்து வையுங்கள்

நாடுகள் போன ஆண்டின் எண்களை இந்த ஆண்டின் முதல் பாதியில் அனுப்புகின்றன. வியூனிக் ஜூலை நடுவில், வழக்கமாக 15ஆம் தேதியை ஒட்டி வெளியாகும். அதாவது ஜனவரியில் ஒரு குழந்தை ஊசியைத் தவறவிட்டால் அது உலகக் கணக்கில் தெரிய ஒன்றரை வருடம் ஆகும். இடையில் மே மாதம் யாராவது "போன ஆண்டுக் கவரேஜ்" என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது அநேகமாக நிர்வாக எண்தான்.

சர்வேக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். களப்பணி முடிந்து முழு அறிக்கை வர ஒரு வருடம்கூட ஆகலாம். முக்கியக் குறியீடுகளின் சிறு அறிக்கை அதற்கு முன்பே வரும். பல நாடுகளில் மக்கள்தொகை சுகாதார சர்வேக்குப் பணம் கொடுத்து வந்த அமெரிக்க நிதி 2025 தொடக்கத்தில் நின்றதால், அடுத்த சர்வே எப்போது என்பதை அந்தந்த நாட்டில் விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூலை வெளியீடு வந்த நாளிலேயே எழுதி அனுப்பாதீர்கள். புதிய கோப்பை இறக்கி, பழைய அட்டவணையில் கடைசி வரியை மட்டும் சேர்க்காமல், 2019-இல் இருந்து எல்லா எண்ணையும் புதிதாக ஒட்டுங்கள். நாட்டுப் பிடிஎஃப்பில் கடைசி ஐந்து ஆண்டுக்கான விளக்கங்களைப் படியுங்கள். எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஊசி, டோஸ், ஆண்டு, எந்த வகை, எந்த வெளியீடு என்ற ஐந்தையும் சிறிய எழுத்தில் போடுங்கள். வடிவமைப்பாளர் இடமில்லை என்று அதை நீக்கச் சொல்வார். படத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.